உழைக்கும் குடும்பத்துக் கதையை நகைச்சுவை நாடகமாகப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு வாசிப்பு ஒத்திகையிலேயே நடந்துவிடும். வட்டமாக உட்கார்ந்து பிரதியைப் படிக்கும்போது எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், இயக்குநருக்கும் சந்தோஷம். மறுநாளே நடிகர்கள் குரலை ஏற்றி, கண்ணை உருட்டி, ஒவ்வொரு வரியையும் இழுத்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைக்கே இதை நிறுத்துங்கள். கதைக்குள் இருக்கிற அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது நகைச்சுவையே இல்லை. வாடகை கட்ட இரண்டு நாள்தான் இருக்கிறது, ஓவர்டைம் பணம் இன்னும் கைக்கு வரவில்லை, மகள் படிப்பை விட்டுவிடுகிறேன் என்கிறாள். இதெல்லாம் அவர்களுக்கு உயிர் போகிற விஷயம். அதை அவர்கள் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்களோ, அந்த அளவுக்குத்தான் அரங்கம் சிரிக்கும்.

அமெரிக்க மேடையில் கணவன் மனைவியாகச் சேர்ந்து நடித்துப் புகழ்பெற்ற ஆல்ஃப்ரெட் லன்ட், லின் ஃபொன்டான் பற்றி நாடகக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. தேநீர் கேட்கும் ஒரு வரிக்கு லன்ட்டுக்குத் தினமும் சிரிப்பு விழுந்துகொண்டிருந்ததாம், திடீரென்று ஒருநாள் நின்றுவிட்டது. என்ன செய்தும் திரும்ப வரவில்லை. மனைவியிடம் கேட்டபோது, நீங்கள் தேநீர் கேட்பதை விட்டுவிட்டு சிரிப்பைக் கேட்கிறீர்கள் என்றாராம். என் குழுவில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது, எனக்குக் கோபமே வருகிற தவறு. ஏழைக் குடும்பம் என்றதும் கிழிசல் சட்டை, எண்ணெய் வழியும் முகம், ஒட்டடை பிடித்த சுவர் என்று கிளம்பிவிடுகிறார்கள். உழைக்கிறவர்கள் வீட்டில் துணி பழசாக இருக்கும், ஆனால் துவைத்து மடித்திருக்கும். நாற்காலி ஆடும், ஆனால் எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் ஆடாது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அந்த நாற்காலியில் வெளியாள் ஒருவர் உட்கார வரும்போது நான்கு பேரும் ஒரே நேரத்தில் பதறுவதில் உண்மையான சிரிப்பு இருக்கிறது. பேச்சும் அப்படித்தான். எல்லாரும் ஒரே மாதிரி கொச்சையாகக் கத்தினால் அது கேலிச்சித்திரம், குடும்பம் இல்லை. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அதே வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள். தங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, தங்களோடு சேர்ந்து சிரிக்கிறார்களா என்று அவர்களுக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

மேடைப் பொருள்களைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுவது பெரிய தவறு. ஒரு காட்சி சொல்கிறேன். வேலை முடிந்து வரும் அப்பா கனமான பூட்ஸைக் கழற்றிக்கொண்டே மின் கட்டணச் சண்டைக்குள் இழுக்கப்படுகிறார். ஒத்திகையில் வெறுங்காலோடு பாவனை செய்தபோது மூன்று நொடியில் முடிந்தது. நிஜ பூட்ஸ் வந்ததும் ஒரு கயிற்றை அவிழ்க்கவே நாலு வசனம் ஓடிவிட்டது, மொத்தக் காட்சியும் குலைந்தது. அப்புறம் அதையே பயன்படுத்திக்கொண்டோம்: ஒரு காலில் பூட்ஸ், மறுகாலில் ஓட்டை விழுந்த சாக்ஸ், அந்தக் கோலத்தில் எழுந்து நின்று குடும்பத் தலைவன் என்ற உரிமையோடு அவர் பேச முயல்கிறார். பிரதியில் இது இல்லை, பொருள் கொடுத்தது. ஆகவே துணி மடிப்பது, பாத்திரம் துடைப்பது, பை தைப்பது எதுவானாலும் இரண்டாவது வாரமே நிஜப் பொருளைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

சிரிப்பு விழும்போது என்ன செய்வது என்று பழக்காமல் விடுவதும் உண்டு. சிரிப்பு மேலே ஏறும்போது அடுத்த வசனத்தைப் பேசினால் யாருக்கும் கேட்காது, முழுவதும் அடங்கும் வரை காத்திருந்தால் வேகம் செத்துவிடும். உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும் இடத்தில் பேச வேண்டும். அதுவரை சிலையாக நிற்காமல் கையில் இருக்கிற வேலையைத் தொடரட்டும். இன்னொன்று, முத்தாய்ப்பான வரியின் கடைசிச் சொல் விழும்போது பக்கத்தில் இருப்பவர் அசையக்கூடாது. ஒருவர் தண்ணீர் எடுக்கத் திரும்பினால் போதும், பார்வையாளர் கண் அங்கே போய்விடும், சிரிப்பு காணாமல் போகும். எத்தனையோ நல்ல வசனங்கள் இப்படித்தான் வீணாகின்றன, நடிகரோ வசனத்தைப் பழி சொல்லிக்கொண்டிருப்பார்.

குடும்பச் சண்டையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவது அழகுதான், ஆனால் அதை நடிகர்கள் இஷ்டத்துக்கு விடாதீர்கள். யார் எந்தச் சொல்லில் குறுக்கிடுகிறார், எந்த வரி தெளிவாகக் கேட்க வேண்டும் என்று பிரதியில் குறித்துக்கொண்டு, பாட்டு மாதிரி பழக்குங்கள். சாப்பாட்டு மேசையை நட்ட நடுவில் நேராகப் போட்டால் இரண்டு பேரின் முதுகுதான் தெரியும், கொஞ்சம் சாய்த்துப் போடுங்கள்.

அமெச்சூர் குழுவில் எல்லாரும் பகல் வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள். இரண்டு வசனம் இருப்பவரை மூன்று மணி நேரம் உட்கார வைக்காமல், காட்சிவாரியாக அழையுங்கள். வேறொருவர் எழுதிய நாடகம் என்றால் வசனத்தை மாற்றும் முன் அனுமதி வாங்குங்கள்.

கடைசி வாரத்தில் ஒரு ஆபத்து வரும். ஐம்பது தடவை கேட்ட வசனத்துக்கு ஒத்திகையில் யாரும் சிரிக்க மாட்டார்கள், நடிகர்கள் பயந்துபோய்ப் புதுச் சேட்டைகளைச் சேர்ப்பார்கள். அப்போது கதையே தெரியாத ஐந்தாறு பேரைக் கூட்டிவந்து முழு ஒத்திகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் மேடையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பார்த்து, எங்கே சிரித்தார்கள், எங்கே நெளிந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைப் பார்த்த பிறகு சேட்டைகளில் பாதியை நடிகர்களே எடுத்துவிடுவார்கள்.