ஷீட் என்றால் பாய் இல்லை: துருக்கி, ஆங்கிலப் படகுச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஷீட்டைத் தளர்த்து!" என்று படகோட்டி கத்தும் ஒரு வரியை முதன்முதலாக மொழிபெயர்த்தபோது, "பாயைத் தளர்த்து" என்று எழுதினேன். படித்தவர்களில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

வீட்டில் ஷீட் என்றால் விரிப்பு. பாய்ப் படகில் அது ஒரு கயிறு. பாயின் கீழ் மூலையில் கட்டி, இழுத்தும் விட்டும் காற்றை எவ்வளவு பிடிக்கலாம் என்று தீர்மானிக்கும் கயிறு. திடீர்க் காற்றில் படகு சாயும்போது அதைக் கொஞ்சம் விட்டால் போதும், பாய் காற்றைக் கொட்டிவிடும், படகு நிமிரும். மூன்று ஷீட் அவிழ்ந்து காற்றில் பறக்கின்றன என்று ஆங்கிலத்தில் ஒருவனைப் பற்றிச் சொன்னால், அவன் மூக்குமுட்டக் குடித்திருக்கிறான் என்று அர்த்தம். அங்கேயும் பறப்பது கயிறுதான்.

துருக்கியில் இதே கயிறு இஸ்கோத்தா. இத்தாலியர்களின் ஸ்கோட்டாவிலிருந்து வந்தது. கேட்க ஒட்டே இல்லாத மாதிரி இருந்தாலும் ஷீட், ஸ்கோட்டா இரண்டுக்கும் ஜெர்மானிய மொழிகளில் ஒரே வேர். முன்னால் ஒட்டிக்கொண்ட இகரம் நமக்குப் புதிதல்ல. ஸ்கூலை இஸ்கூல் ஆக்கியவர்கள்தானே நாம்! பாயை மேலே ஏற்றும் கயிறு வேறு. ஆங்கிலத்தில் ஹேல்யார்ட், துருக்கியில் மான்தார். இஸ்கோத்தாவை விடச் சொல்லும்போது மான்தாரை அவிழ்த்தால் முழுப் பாயும் சரசரவென்று கீழே இறங்கிவிடும்.

நம் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். "பாய்மரத்தை விரித்தார்கள்" என்று அடிக்கடி எழுதுகிறோம். பாய்மரம் மரம், அதை எப்படி விரிப்பது? துருக்கியில் பாய் யெல்கென், மரம் திரெக். யெல்கெனைப் பாய்மரம் என்று எழுதினால் திரெக் வரும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்த பள்ளம் இஸ்கெலே. அகராதியைத் திறந்தால் படகுத்துறை என்று இருக்கும், கட்டட வேலைக்குக் கட்டும் சாரம் என்றும் இருக்கும். இரண்டும் சரி. இஸ்தான்புல்லில் கடிக்கோய் இஸ்கெலேசி என்றால் படகுத்துறையேதான். ஆனால் படகில் நின்றுகொண்டு இஸ்கெலே என்றால் இடப்பக்கம். ஆங்கிலத்தின் போர்ட்டும் இப்படித்தான், கரையில் துறைமுகம், கப்பலில் இடப்பக்கம். காரணம் லேசானது. பழைய கப்பல்களில் திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கம் தொங்கும். வலப்பக்கத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள ஸ்டார்போர்ட் என்ற சொல்லிலேயே திருப்புவதும் பலகையும் ஒளிந்திருக்கின்றன. துடுப்பு நசுங்காமல் இருக்க இடப்பக்கத்தைத் துறையோடு அணைத்து நிறுத்தினார்கள். முன்பு ஆங்கிலேயர்கள் இடப்பக்கத்தை லார்போர்ட் என்றார்கள். புயலில் அதுவும் ஸ்டார்போர்டும் ஒன்றுபோலக் காதில் விழுந்ததால், 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை போர்ட் என்பதையே கட்டாயமாக்கியது. ஆகவே 1700-களில் நடக்கும் கதையில் லார்போர்ட் என்று பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

வலப்பக்கத்துக்குத் துருக்கியில் sancak என்று எழுதியிருப்பதை ஆங்கிலப் பழக்கத்தில் சங்காக் என்று படிப்போம். துருக்கியில் c என்ற எழுத்துக்கு ஜகர ஒலி, எனவே சன்ஜாக். கரையில் இதற்குக் கொடி என்று பொருள், உஸ்மானியர் காலத்தில் ஒரு நிர்வாக மாவட்டத்துக்கும் இதுதான் பெயர். "கொடிப் பக்கம் திருப்பு" என்று மொழிபெயர்த்தால் படகில் இருப்பவன் கொடியைத் தேடுவான்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். டேக் என்ற ஆங்கிலச் சொல் அப்படியல்ல. பாயின் முன் கீழ்மூலையும் டேக், படகின் முகத்தைக் காற்றுக்குக் குறுக்கே திருப்புவதும் டேக், எந்தப் பக்கத்துக் காற்றில் ஓடுகிறோம் என்பதும் டேக். துருக்கியர்கள் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். மூலை கருலா, திருப்பம் திராமோலா, காற்றுப் பக்கம் கொன்த்ரா. எனக்குத் துருக்கி முறையே தெளிவாகப் படுகிறது.

சன்ஜாக் கொன்த்ரா என்றால் படகு வலப்பக்கம் போகிறது என்று பலர் எழுதுகிறார்கள். வலப்பக்கமிருந்து காற்று வருகிறது என்பதுதான் அர்த்தம். அப்போது பாய் இடப்பக்கம் தள்ளப்பட்டிருக்கும். 1972-இன் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 12-ஆவது விதிப்படி, இரண்டு பாய்ப் படகுகள் வெவ்வேறு பக்கக் காற்றில் நெருங்கினால், இடப்பக்கக் காற்றில் ஓடுவதுதான் விலக வேண்டும். சொல்லைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால், வழிவிட வேண்டியவர் நேரே போய் மோதுவார்.

திராமோலாவையும் கவான்சாவையும் 'திசைமாற்றம்' என்று ஒரே சொல்லில் அடைப்பதும் தப்பு. திராமோலாவில் படகின் முன்பக்கம் காற்றைத் தாண்டித் திரும்பும். கவான்சாவில், ஆங்கிலத்தில் ஜைப், பின்பக்கம் தாண்டும். அப்போது பாயின் அடியில் இருக்கும் பும்பா என்ற கட்டை ஒரே வீச்சில் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வரும். குனியாதவர் மண்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

காற்றுகளின் பெயரில் நமக்குச் சிரமம் இருக்கக் கூடாது. தென்றல் தெற்கிலிருந்து வருகிறது, வாடை வடக்கிலிருந்து. அதே கணக்குதான், போய்ராஸ் வடகிழக்கிலிருந்து வருவது, லோதோஸ் தென்மேற்கிலிருந்து வருவது. 'தென்மேற்கு நோக்கி வீசும் லோதோஸ்' என்று எழுதினால் இஸ்தான்புல்லில் படகுச் சேவையை நிறுத்த வைக்கும் காற்றையே திருப்பி அனுப்பிவிட்டோம்.

அப்புறம், வேர்ச்சொல்லைப் பிரித்து அர்த்தம் கண்டுபிடிக்கும் ஆசை. துருக்கிப் படகுச் சொற்களில் பெரும்பகுதி இத்தாலியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் ஏறிவந்தவை, துருக்கி வேர் தேடினால் கிடைக்காது. சுத்தத் துருக்கிச் சொல்லும் ஏமாற்றும். தெமிர் என்றால் இரும்பு, ஆனால் தெமிர் ஆத்மாக் என்பது இரும்பை எறிவதல்ல, நங்கூரம் போடுவது. நங்கூரத்துக்கு அவர்களிடம் லெங்கெர் என்ற சொல்லும் உண்டு. பாரசீக லங்கர் அங்கே லெங்கெர் ஆனது, நம்மிடம் நங்கூரம் ஆனது.

கடைசியாக, கடலே இல்லாத இடத்தில் வரும் பாய். துருக்கிக் கதையொன்றில் சமையலறையில் சண்டை நடக்கிறது. அரைமணி நேரம் கத்திய கணவன், மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டதும் "பாய்களைத் தண்ணீரில் இறக்கினான்". அவன் எந்தப் படகையும் தொடவில்லை. வீறாப்பை விட்டு இறங்கிவந்துவிட்டான், அவ்வளவுதான்.