லேப்டாப்பில் டிவியும் ரேடியோவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்-டாப் பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளை எடுத்து லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளையில் செருகிவிட்டு, “படம் வரலையே, எந்த பட்டனை அழுத்தணும்?” என்று கேட்டு வருடத்துக்கு நாலைந்து பேராவது எனக்கு போன் செய்கிறார்கள். அழுத்துவதற்கு பட்டன் எதுவும் இல்லை. லேப்டாப்பில் இருக்கும் எச்டிஎம்ஐ, பழைய லேப்டாப்புகளில் இருந்த விஜிஏ, இரண்டுமே படத்தை வெளியே அனுப்புவதற்கான வாசல்கள். வெளியிலிருந்து படத்தை உள்ளே வாங்கும் சர்க்யூட் அவற்றுக்குப் பின்னால் கிடையாது. ஒன்றிரண்டு கேமிங் லேப்டாப்புகள் விதிவிலக்காக வந்தன, உங்கள் கையில் இருப்பது அதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இதே குழப்பம் பழைய ‘டிவி ட்யூனர் பாக்ஸ்’ விஷயத்திலும் உண்டு. (ட்யூனர் என்பது டிவி, ரேடியோ சிக்னலைப் பிடித்துக் கொடுக்கும் கருவி.) சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்த அந்தப் பெட்டி, பழைய மானிட்டரை டிவியாக மாற்றுவதற்காக வந்தது. கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பரணில் கிடக்கிறதே என்று அதை எடுத்து லேப்டாப்போடு இணைக்கப் பார்க்க வேண்டாம். முன்பு பிசிஎம்சிஐஏ, எக்ஸ்பிரஸ் கார்டு துளைகளில் செருகும் ட்யூனர் கார்டுகள் இருந்தன. அந்தத் துளைகளே இப்போது போய்விட்டன. இன்றைக்கு லேப்டாப்புக்கு உள்ள நடைமுறையான வழி, யுஎஸ்பி துளையில் செருகும் ட்யூனர்.

முதல் கேள்வியே தவறாக இருந்தால்

“எந்த ட்யூனர் நல்லது?” என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: உங்கள் ஊரில் காற்றில் என்ன வருகிறது, எந்த முறையில் வருகிறது? இது தெரியாமல் வாங்கும் ட்யூனர், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும், பொம்மைதான்.

என் சித்தப்பா டொராண்டோவில் இருக்கிறார். ஒருமுறை ஊருக்கு வந்தபோது அங்கே அவர் பயன்படுத்திய யுஎஸ்பி ட்யூனரை ஆசையாக எனக்குக் கொண்டுவந்தார். நாலு நாள் ஸ்கேன் செய்து பார்த்தேன், ஒரு சேனல்கூட வரவில்லை. “நல்லா ஓடிக்கிட்டு இருந்ததுடா, பெட்டியில அடிபட்டிருக்குமோ?” என்று அவர் வருத்தப்பட்டார். அடிபடவில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஒளிபரப்பு ஏடிஎஸ்சி முறையில் நடக்கிறது. இந்தியா எடுத்துக்கொண்டது டிவிபி குடும்பம். அந்தக் கருவிக்கு நம் ஊர் சிக்னலின் மொழியே தெரியாது.

இங்கே என்ன நிலைமை? தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 முறையில் டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கியது. பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள் படிப்படியாக மூடப்பட்டு, 2022 மார்ச்சுக்குள் சுமார் 50 முக்கிய இடங்களைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் நின்றுவிட்டன. ஆகவே பழைய அனலாக் ட்யூனரில் பெரும்பாலான ஊர்களில் வெறும் புள்ளிமழைதான் வரும். டிவிபி-டி என்று மட்டும் போட்டிருக்கும் ட்யூனரும் டிவிபி-டி2 சிக்னலை எடுக்காது. பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம், ஆனால் உள்ளே இருக்கும் சிப் வேறு.

கேபிள் வயரை நேரடியாக ட்யூனரில் செருகினால் வருமா என்றும் கேட்கிறார்கள். அனலாக் கேபிள் காலத்தில் வந்தது. இப்போது கேபிள் டிஜிட்டலாகி, சிக்னல் பூட்டப்பட்டு வருகிறது. சாவி உங்கள் செட்-டாப் பாக்ஸுக்குள் இருக்கிறது. கட்டண டிடிஎச் சேவைகளும் அப்படித்தான். ‘ஆயிரம் சேனல் யுஎஸ்பி’ என்று விற்கும் குச்சிகளைத் திறந்து பார்த்தால் ட்யூனரே இருக்காது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சேனல்களின் பட்டியல் ஒன்று மென்பொருளாக இருக்கும். எனவே தமிழ்நாட்டில் ஒரு சின்ன ஆன்டெனாவை வைத்து லேப்டாப்பில் டிவி பார்க்கலாம் என்ற எண்ணத்தில் பணம் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். சென்னை போன்ற இடங்களில் டிவிபி-டி2 வருகிறதா என்று, ஏற்கெனவே அதை எடுக்கிற ஒருவர் வீட்டில் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்குக் கதை வேறு. இரண்டு நாடுகளும் 2019-இல் அனலாக்கை நிறுத்திவிட்டு டிவிபி-டி2க்கு முழுமையாக மாறின. சிங்கப்பூரில் வசந்தம் சேனல் காற்றிலேயே இலவசமாக வருகிறது, நல்ல டிவிபி-டி2 ட்யூனர் அங்கே பயன்படும். லண்டனில் ட்யூனர் வேலை செய்யும், ஆனால் லேப்டாப்பில் நேரலை பார்ப்பதற்கும் டிவி லைசென்ஸ் தேவை. ஜெர்மனியில் 2017-க்குப் பிறகு ஒளிபரப்பு எச்இவிசி என்ற புதிய சுருக்க முறையில் வருவதால், பழைய லேப்டாப் படத்தை விரித்துக் காட்ட முடியாமல் திணறும்.

இலவச டிஷ்ஷும் கேப்சர் குச்சியும்

சந்தா இல்லாமல் நிறைய சேனல் வேண்டுமென்றால் நம் நாட்டில் உள்ள உருப்படியான வழி டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து, கிழக்கு தீர்க்கரேகை 93.5 பாகையிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், வானத்தில் நல்ல உயரத்தில். அந்தப் பக்கம் தென்னை மரம் நின்றால் அதைக் கடந்து சிக்னல் வராது. இதை லேப்டாப்பில் எடுக்க, செயற்கைக்கோள் சிக்னலுக்கான டிவிபி-எஸ்2 ட்யூனர் வேண்டும். இங்கே நடக்கும் தவறு என்னவென்றால், யுஎஸ்பியிலிருந்து கிடைக்கும் மின்சாரமே போதும் என்று நினைத்து, தனி அடாப்டரை இணைக்காமல் விட்டுவிடுவது. டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற பகுதிக்கு 13 அல்லது 18 வோல்ட் போக வேண்டும். யுஎஸ்பி தருவது 5 வோல்ட். அடாப்டர் செருகாவிட்டால் ட்யூனரின் விளக்கு எரியும், மென்பொருளும் திறக்கும், சேனல் மட்டும் வராது.

வீட்டில் ஏற்கெனவே செட்-டாப் பாக்ஸ் இருந்தால் எளிய வழி, அதன் படத்தை யுஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குள் கொண்டுவரும் கேப்சர் குச்சி. சுமார் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் எச்டிஎம்ஐ கேப்சரின் உறையில் ‘4கே’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். 4கே படத்தை அது உள்ளே வாங்கும் என்பதுதான் பொருள், லேப்டாப்புக்குக் கொடுப்பது பெரும்பாலும் 1080பி, நொடிக்கு 30 பிரேம். அதோடு பல செட்-டாப் பாக்ஸ்கள் எச்டிஎம்ஐயில் எச்டிசிபி என்ற பூட்டுடன் படத்தை அனுப்புகின்றன. அப்படியானால் கருந்திரைதான் வரும், குச்சி கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பாக்ஸின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி துளைகள் இருந்தால், ஏவி கேப்சர் ஒன்றை வாங்கி அந்த வழியில் முயன்று பாருங்கள்.

ஏவி கேப்சர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ‘ஈஸிகேப்’ என்று ஒரே கருப்பு உறையில் வருபவற்றுக்குள் வெவ்வேறு நிறுவனங்களின் நாலைந்து வகை சிப்கள் இருக்கின்றன. நண்பரிடம் ஓடுகிற டிரைவர் உங்கள் குச்சிக்கு ஓடாது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் விஐடி, பிஐடி எண்களை (எந்த நிறுவனம், எந்தக் கருவி என்று காட்டும் எண்கள்) பார்த்து, அதற்குரிய டிரைவரைத் தேடுங்கள். படம் கருப்பு வெள்ளையாகவோ மேலும் கீழும் ஓடியபடியோ வந்தால் மென்பொருளில் வீடியோ முறை என்டிஎஸ்சி (NTSC) என்றிருப்பதை பால் (PAL) என்று மாற்றுங்கள். பாதி புகார்கள் அத்துடன் தீரும்.

ரேடியோ: உண்மையான சந்தோஷம் இங்கேதான்

லேப்டாப்பில் டிவிக்காகச் செலவழிப்பதைவிட ரேடியோவுக்காகச் செலவழிப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். காரணம் ஒரு சின்ன சிப். ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யு, டிவிபி-டி டிவி பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. அதிலிருந்து சிக்னலைப் பதப்படுத்தாமல் பச்சையாகவே எடுக்க முடியும் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அதன்பின் இந்த மலிவான டிவி குச்சி, மென்பொருளால் இயங்கும் ரேடியோவாக (சுருக்கமாக எஸ்டிஆர்) உலகம் முழுக்கப் பரவியது. ஆர்820டி ட்யூனர் உள்ள குச்சி ஏறத்தாழ 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். எஃப்எம் பட்டை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

முதல் தவறு டிரைவரில் நடக்கிறது. விண்டோஸில் ஸாடிக் என்ற சிறு மென்பொருளால் டிரைவரை மாற்ற வேண்டும். அதன் பட்டியலில் உங்கள் மவுஸும் கீபோர்டும்கூட இருக்கும். அவசரத்தில் தவறானதைத் தேர்ந்தெடுத்து மவுஸை முடக்கியவர்கள் பலர். ‘பல்க்-இன் இன்டர்ஃபேஸ் 0’ என்று இருப்பதை மட்டும் தொடுங்கள். டிரைவரை மாற்றியபின் அதே குச்சி டிவி மென்பொருளில் வேலை செய்யாது, திரும்ப மாற்றினால்தான் வரும். லினக்ஸில் இதற்கு நேர் எதிரான சிக்கல்: அதன் மையப் பகுதியான கர்னல் குச்சியை டிவி ட்யூனராகவே பிடித்து வைத்துக்கொள்ளும், டிவிபி_யுஎஸ்பி_ஆர்டிஎல்28எக்ஸ்எக்ஸ்யு என்ற மாட்யூலை பிளாக்லிஸ்ட் செய்ய, அதாவது தானாக ஏறாமல் தடுக்க, வேண்டும்.

அடுத்து ஆன்டெனா. எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது இதுதான். குச்சிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கொடுப்பவர்கள் ஆன்டெனாவுக்கு ஐம்பது ரூபாய் செலவழிக்க யோசிக்கிறார்கள். பெட்டியோடு வரும் விரல் நீள ஆன்டெனா யுஎச்எஃப் டிவிக்கானது. எஃப்எம் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வந்துவிடும், இந்த ஒரு கணக்கு போதும். தலா 71 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு வயர் துண்டுகளை எடுத்து, ஒன்றை கோஆக்ஸ் (டிவி ஆன்டெனா) கேபிளின் நடுக் கம்பியிலும் மற்றதை அதைச் சுற்றியுள்ள கம்பி வலையிலும் இணைத்து, எதிரெதிர்த் திசையில் நீட்டி ஜன்னலில் கட்டினால் அருமையான எஃப்எம் ஆன்டெனா தயார். படுக்கையாக வைத்துப் பாருங்கள், நிறுத்தி வைத்தும் பாருங்கள், எது நன்றாக வருகிறதோ அப்படியே விடுங்கள். காந்த அடி உள்ள ஆன்டெனாவாக இருந்தால் மர மேஜையில் வைக்காமல் ஒரு இரும்பு தோசைக்கல்லின் மேல் வையுங்கள், வித்தியாசம் தெரியும். 50 ஓம், 75 ஓம் கேபிள் வித்தியாசத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அதில் போகும் சிக்னல் மிகக் கொஞ்சம், டிஷ்ஷுக்குப் போடும் சாதாரண ஆர்ஜி-6 கேபிளே போதும்.

மூன்றாவது, இரைச்சல். லேப்டாப்பே ஒரு குட்டி இரைச்சல் ஆலை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. எங்கள் வீடு திண்டுக்கல் பக்கம். கொடைக்கானல் பண்பலை 100.5 மலை உச்சியிலிருந்து ஊரையே நிறைக்கும், கைரேடியோவில் கண்ணாடி மாதிரி கேட்கும். ஆனால் என் லேப்டாப்பில் ஒரே சரசரப்பு. குச்சி மட்டம் என்று முடிவுகட்டி வேறொன்று வாங்கினேன், அதிலும் அதே சரசரப்பு. ஒருநாள் மின்சாரம் போனது, சரசரப்பும் போனது! சார்ஜரிலிருந்தும், மாடிப்படியில் எரிந்த மலிவான எல்இடி பல்பிலிருந்தும் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. குச்சியை லேப்டாப்போடு ஒட்டிச் செருகியிருந்ததும் தவறு. இப்போது இரண்டு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு, இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டி, குச்சியை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். கேட்கும்போது சார்ஜரைக் கழற்றிவிடுவேன். யுஎஸ்பி 3 துளைகளும் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும், யுஎஸ்பி 2 இருந்தால் அதில் செருகுங்கள். சிக்னலும் இரைச்சலும் கோடுகளாக ஓடும் மென்பொருளின் வாட்டர்ஃபால் படத்தைப் பார்த்தபடி வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பாருங்கள், குற்றவாளி பிடிபடுவார்.

சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் இதற்கு எதிரான பிரச்சினை. எஃப்எம் கோபுரங்கள் பக்கத்திலேயே இருப்பதால் சிக்னல் அளவுக்கு மிஞ்சும். சிக்னல் சரியில்லை என்று நினைத்து கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) முழுதாக ஏற்றினால் ஒரே நிலையம் மூன்று இடங்களில் கேட்கும், நிலையமே இல்லாத இடத்தில் பாட்டு வரும். கெயினைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், பேய் நிலையங்கள் மறைந்து உண்மையானவை மட்டும் நிற்கும்.

மத்திய அலை (மீடியம் வேவ்) கேட்க ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சென்னை 720, திருச்சி 936, திருநெல்வேலி 1197 கிலோஹெர்ட்ஸ் என்று நாம் கேட்டு வளர்ந்த வானொலி நிலையங்கள் எல்லாம் சாதாரண குச்சியின் 24 மெகாஹெர்ட்ஸ் எல்லைக்குக் கீழே இருப்பவை. ஆர்டிஎல்-எஸ்டிஆர் ப்ளாக் (RTL-SDR Blog) வி3, வி4 போன்ற மாடல்கள் கீழே இறங்கும். ஆனால் மேலே சொன்ன வீட்டு இரைச்சல் எல்லாம் இந்தப் பட்டையில் இன்னும் மோசமாகக் கேட்கும். மத்திய அலை மட்டும்தான் வேண்டுமென்றால் சாதாரண டிரான்சிஸ்டர் ரேடியோ போதும், தரமும் அதில்தான்.

பதிவு செய்யும்போதும் கவனம் தேவை. எஸ்டிஆர் மென்பொருளில் ‘ஆடியோ’, ‘ஐக்யூ’ என்று இரண்டு வகைப் பதிவு உண்டு. ஐக்யூ என்பது பச்சை சிக்னல். நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள் என்று வைத்தால், மிகக் குறைந்த தரத்திலேயே மணிக்கு 17 ஜிபி ஆகும். ஒரு நாடகத்தைப் பதிவு செய்யப் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் டிஸ்க் நிரம்பி லேப்டாப் நின்றிருக்கும். பாட்டுக்கும் பேச்சுக்கும் ஆடியோ பதிவே போதும்.

கடைசியாக, மொட்டை மாடியில் ஆன்டெனா போட்டவர்களுக்கு. இடி மின்னல் தொடங்குவதற்கு முன்பே கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள், இடிக்கிற நேரத்தில் தொடாதீர்கள். பக்கத்தில் எங்கோ விழும் மின்னல்கூட கேபிள் வழியாக வந்து குச்சியையும் லேப்டாப்பையும் சேர்த்து எரித்துவிடும். அப்படியானால் புயல் மழை நேரத்தில், நெட்டும் டவரும் போனபின், செய்தி கேட்பது எப்படி? அதற்கென்று இரண்டு பேட்டரி போட்ட கைரேடியோ ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். லேப்டாப்பின் சார்ஜ் நாலு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அது நாள்கணக்கில் பேசும்.