வீடியோ கன்வெர்ட் வேகமாக ஓட, குறைந்த செலவில் எந்த கம்ப்யூட்டர்? நகரி பக்கத்து வீடியோ தம்பிகளுக்காக

கல்யாண சீசன் வந்தால் ஆந்திராவில் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் வீடியோ எடுக்கிற தம்பிகள் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணா, கன்வெர்ட் போட்டா விடிய விடிய ஓடுது. கம்மி பட்ஜெட்ல நல்ல சிஸ்டமா ஒண்ணு சொல்லுங்க." எந்த சிஸ்டம் என்று சொல்வதற்கு முன் என்ன வேலை என்று தெரிய வேண்டும். திருத்தணி ஆடிக்கிருத்திகைக் காவடியை 4கே-யில் எடுப்பவருக்கும், பழைய கல்யாண டிவிடியைப் பென்டிரைவில் போட்டுத் தருபவருக்கும் ஒரே மெஷின் வேண்டியதில்லை.

முதல் படி: கன்வெர்ட் தேவையா என்று பாருங்கள்

எம்கேவி, எம்ஓவி, எம்பி4 எல்லாம் வெறும் பெட்டிகள். உள்ளே இருக்கும் வீடியோ எச்.264 என்ற சுருக்கும் முறையில் இருந்தால் பெட்டியை மாற்றினால் போதும், படத்தைத் தொடவே வேண்டாம். விஎல்சி பிளேயரில் ஃபைலை ஓடவிட்டு கன்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்துங்கள். உள்ளே என்ன கோடெக் (சுருக்கும் முறை) என்று காட்டும். எச்.264 என்று வந்தால் லாஸ்லெஸ்கட் போன்ற இலவச மென்பொருளில் எம்பி4 ஆக எடுத்துவிடலாம். ஒரு மணி நேர வீடியோவுக்கும் ஃபைல் காப்பி ஆகிற நேரம்தான் ஆகும், தரமும் துளி குறையாது. டிவியில் பென்டிரைவ் ஓடவில்லை என்று வரும் ஃபைல்களில் கணிசமானவை இந்த வகைதான். அதற்காகப் புது சிஸ்டம் வாங்குவது வீண் செலவு.

இரண்டாம் படி: இப்போதைய வேகத்தை அளந்து பாருங்கள்

கன்வெர்ட் செய்யும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைப் போட்டு உங்கள் கிளிப் ஒன்றை ஓடவிடுங்கள். நொடிக்கு எத்தனை ஃபிரேம் முடிகிறது என்பது ஜன்னலின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் எடுப்பது பெரும்பாலும் 25 ஃபிரேம் வீடியோ. ஒரு மணி நேரத்துக்கு 90,000 ஃபிரேம். அடியில் 50 என்று காட்டினால் அரை மணி நேரம், 150 என்றால் 10 நிமிடம். இந்த எண்ணைக் குறித்துவையுங்கள், கடையில் வேலைக்கு ஆகும்.

மூன்றாம் படி: பிராசசர்

பணத்தை இங்கேதான் போட வேண்டும்.

கன்வெர்ட் இரண்டு வழியில் நடக்கும். எச்.264, அதற்கு அடுத்து வந்த எச்.265 முறைகளில் வீடியோவைச் சுருக்கி எழுதும் எக்ஸ்264, எக்ஸ்265 என்ற மென்பொருள்கள் (என்கோடர்கள்) பிராசசரின் கோர்களை, அதாவது வேலை செய்யும் பகுதிகளை, முழுக்கப் பிழிந்து வேலை செய்யும். நேரம் எடுக்கும், ஆனால் சின்ன ஃபைலில் நல்ல தரம் தரும். இன்னொரு வழி, சிப்புக்குள் வீடியோவுக்கென்றே செதுக்கி வைத்திருக்கும் தனிப்பகுதி. இன்டெல்லில் அதன் பெயர் க்விக் சிங்க், 2011 முதல் வருகிறது. என்விடியா கார்டில் என்வெங்க், 2012 முதல். ஏஎம்டியிலும் இதற்கு ஒரு பகுதி உண்டு. கைத்தறியும் விசைத்தறியும் பார்த்து வளர்ந்த நகரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: எக்ஸ்265 கைத்தறி, க்விக் சிங்க் விசைத்தறி. கல்யாண வீட்டுக்கு டிவியில் ஓடத் தருகிற வீடியோவுக்கு விசைத்தறியே தாராளம். ஃபைல் கொஞ்சம் பெரிதாக வரும், அவ்வளவுதான்.

அதனால் பிராசசர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெல் ஐ5 12400 என்றும் ஐ5 12400எஃப் என்றும் இரண்டு உண்டு. இரண்டிலும் 6 கோர், 12 திரெட். எஃப் போட்டதில் உள் கிராஃபிக்ஸ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ்) கிடையாது, அதனால் க்விக் சிங்க்கும் கிடையாது. "எஃப்னா ரேட்டு கம்மிண்ணா, மத்தபடி எல்லாம் ஒண்ணுதான்" என்பார் கடைக்காரர். கேம் ஆடுபவருக்கு அது சரி, எப்படியும் தனி கார்டு போடுவார். நமக்கு அந்த ஒரு எழுத்தில்தான் பாதி வேகம் இருக்கிறது. ஏஎம்டியிலும் இதே கதை: ரைசன் 5 5600ஜி-யில் உள் கிராஃபிக்ஸ் உண்டு, வெறும் 5600-இல் இல்லை.

கோர் எத்தனை வேண்டும்? ஹேண்ட்பிரேக் 6 கோர் வரை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும், அதற்கு மேல் போகப் போக லாபம் குறையும். 4 கோர் உள்ள ஐ3 12100-ம் க்விக் சிங்க்கில் நன்றாகவே ஓடும். டிவிடி, ஹெச்டி வேலை மட்டும் பார்ப்பவருக்கு அதற்கு மேல் எதற்கு?

கேமரா புதுசு என்றால் ஒரு கூடுதல் விஷயம். சோனி ஏ7-4 போன்றவற்றில் நிறத்தை நுணுக்கமாகப் பதியும் 10 பிட் 4:2:2 என்ற முறையில் எச்.265 ஆக எடுக்கலாம். அந்த ஃபைலை எடிட்டிங்கில் திறந்தாலே பழைய மெஷின் திணறும். டெஸ்க்டாப் இன்டெல்லில் 11-ஆம் ஜெனரேஷன் (தலைமுறை) முதல் இதை சிப்பே விரித்துக்கொடுக்கும். என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை முதல்தான் உண்டு. விலை கூடிய கார்டு செய்யாத வேலையை மலிவான இன்டெல் சிப் செய்கிறது என்றால் பலர் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நான்காம் படி: செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. அலுவலகங்களில் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் எல்லாம் உழைத்துத் தேய்ந்தவை அல்ல, பெரும்பாலும் டைப் அடித்தவைதான். ஆனால் இன்டெல்லில் 8-ஆம் ஜெனரேஷனுக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது 8-ஆம் ஜெனரேஷன் முதல். ஐ5 8500 போட்ட மெஷின் கிடைத்தால் விடாதீர்கள்: 6 கோர், க்விக் சிங்க்கில் 10 பிட் எச்.265 வரை என்கோட் செய்யும். என் பட்டியலில் காசுக்கு முதலிடம் இதற்குத்தான். சின்ன கேபினெட்டில் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு நுழையாது என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

"ரெண்டு ஜிபி கார்டு சேர்த்துத் தர்றேன்" என்று ஜிடி 1030-ஐத் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் என்கோட் செய்யும் பகுதியே இல்லை.

லேப்டாப்? வெளியூர் வேலை இருந்தால் மட்டும். நம் ஊர் மே மாத வெயிலில் மணிக்கணக்கில் கன்வெர்ட் ஓடினால் மெல்லிய லேப்டாப் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஐந்தாம் படி: ரேம், எஸ்எஸ்டி

16 ஜிபி போதும், இரண்டு 8 ஜிபி குச்சிகளாகப் போடுங்கள். 32 ஆக்கினால் கன்வெர்ட் வேகம் கூடாது. எஸ்எஸ்டியும் கன்வெர்ட்டை வேகமாக்காது. 100 எம்பிபிஎஸ்-இல் (நொடிக்கு 100 மெகாபிட்) எடுத்த 4கே வீடியோகூட நொடிக்கு 12.5 மெகாபைட்தான், பழைய ஹார்டு டிஸ்க்கே அதைச் சமாளிக்கும். ஆனால் அதே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. கார்டிலிருந்து இறக்கவும் எடிட் பண்ணவும் எஸ்எஸ்டி இல்லாமல் முடியாது. விண்டோஸுக்கும் நடப்பு வேலைக்கும் ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டி, முடிந்த வேலைகளுக்கு ஹார்டு டிஸ்க். யுஎஸ்பி 3 கார்டு ரீடரையும் மறக்க வேண்டாம்.

ஆறாம் படி: கடையில் ஓட்டிப் பாருங்கள்

ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறி அரக்கோணம் வழியாகச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு பக்கம்தான். பென்டிரைவில் ஹேண்ட்பிரேக்கும் வீட்டில் ஓட்டிப் பார்த்த அதே கிளிப்பும் எடுத்துப் போங்கள். இன்டெல் மெஷினில் ஹேண்ட்பிரேக்கின் வீடியோ என்கோடர் பட்டியலைத் திறந்தால் எச்.264 பெயருக்குப் பக்கத்தில் க்யூஎஸ்வி என்று ஒரு வரி இருக்க வேண்டும், அதுதான் க்விக் சிங்க். அந்த வரியே இல்லையென்றால் அது எஃப் பிராசசர், அல்லது கிராஃபிக்ஸ் டிரைவர் போடவில்லை. இருந்தால் ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைப் பாருங்கள். வீடியோ என்கோட் கோடு எழும்பினால் சிப் வேலை செய்கிறது. ஃபிரேம் எண்ணை உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டு மடங்குகூட வராத மெஷினுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கூடவே ஒரு யுபிஎஸ். எம்பி4 ஃபைலுக்குள் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும். 95 சதவீதத்தில் கரண்ட் போனால் எழுதிய 95-ம் திறக்காது.

கடைசியாக பில். கம்ப்யூட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், எந்த மாநிலத்தில் வாங்கினாலும் அதேதான். ஆனால் உங்கள் ஸ்டூடியோவுக்கு ஆந்திரப் பதிவில் ஜிஎஸ்டி எண் இருந்தால், பில் போடுவதற்கு முன்பே எண்ணையும் முகவரியையும் கொடுத்து ஐஜிஎஸ்டியாக (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி) போட முடியுமா என்று கேளுங்கள். தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) என்று போட்டுவிட்டால் அந்த வரியை இங்கே ஆந்திராவில் கட்ட வேண்டிய வரியில் கழித்து வரவு எடுக்க முடியாது.