ஜெர்மனியில் பஸ், டிராம், மெட்ரோ: டிக்கெட்டில் சிக்காமல் ஊர் சுற்ற

ஜெர்மனியின் மெட்ரோ நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. படியிறங்கினால் நேரே நடைமேடைதான். பஸ்ஸிலும் டிராமிலும் நடத்துனர் இல்லை. சரியான டிக்கெட்டோடு ஏறும் பொறுப்பு முழுக்கப் பயணியின் தலையில்தான். இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். 'ஊருக்குப் புதிது, தெரியாமல் செய்துவிட்டேன்' என்ற பேச்சு எடுபடாது. எந்த வண்டியில் ஏறி எங்கே மாறுவது என்பதைக் கைபேசி சொல்லிவிடும். புதிதாக வருபவர்கள் மெனக்கெட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது டிக்கெட்டின் விதிகளைத்தான்.

முதலில் அடையாளங்கள். நீலச் சதுரத்தில் வெள்ளை யூ எழுத்து இருந்தால் அது ஊ-பான், அதாவது மெட்ரோ. பச்சை வட்டத்தில் எஸ் இருந்தால் எஸ்-பான். புறநகர் ரயில்தான், ஆனால் நகரின் நடுவே மெட்ரோ போலவே அடிக்கடி வரும். மஞ்சள் வட்டத்தில் பச்சை எச் எழுத்து பஸ், டிராம் நிறுத்தத்தைக் காட்டும். முழுமையான மெட்ரோ உள்ள நகரங்கள் பெர்லின், ஹாம்பர்க், மியூனிக், நியூரம்பெர்க் ஆகிய நான்குதான். கொலோன், ஸ்டுட்கார்ட் போன்ற ஊர்களில் டிராமே நகர மையத்தில் சுரங்கத்துக்குள் இறங்கி ஓடும். ஒரு வட்டாரத்துக்குள் இவை எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் போதும். நிறுவனம் மாறினாலும் டிக்கெட் மாறாது. 1965இல் ஹாம்பர்க்கில் தொடங்கிய ஏற்பாடு இது, இன்று நாடு முழுவதும் இருக்கிறது.

டிக்கெட் வாங்குமுன்

மூன்றைப் பார்க்க வேண்டும்: எந்த மண்டலம், எவ்வளவு நேரம், முத்திரை குத்த வேண்டுமா.

மண்டலத்தில் அதிகம் பேர் தவறுவது விமான நிலையத்தில். பெர்லின் ஏ, பி, சி என மூன்று மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. ஊருக்குள் சுற்ற ஏபி டிக்கெட் போதும். ஆனால் விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது. ஊர் சுற்றிய ஏபி நாள் டிக்கெட்டோடு அப்படியே விமானம் பிடிக்கக் கிளம்பினால், மண்டல எல்லையைத் தாண்டியதும் நீங்கள் டிக்கெட் இல்லாத பயணி. முழு டிக்கெட் புதிதாக வாங்க வேண்டாம்; கையிலிருக்கும் ஏபி டிக்கெட்டோடு சேர்த்துக் காட்டும் 'அன்ஷ்லுஸ்' என்ற கூடுதல் சீட்டு மலிவாகக் கிடைக்கும். மியூனிக்கில் நகரம் எம் மண்டலம், விமான நிலையம் 5ஆம் மண்டலம். அங்கும் இதே கதைதான்.

நேரத்தைப் பொறுத்தவரை, பெர்லினின் ஒற்றைப் பயண டிக்கெட் 2 மணி நேரம் செல்லும். எத்தனை முறை வேண்டுமானாலும் வண்டி மாறலாம், ஆனால் வந்த வழியே திரும்ப முடியாது. கடைக்குப் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பினாலும் இரண்டு டிக்கெட் வேண்டும். அருகிலுள்ள இடத்துக்குக் குறும்பயண டிக்கெட் இருக்கிறது: மெட்ரோ, எஸ்-பானில் 3 நிறுத்தம், அல்லது பஸ், டிராமில் வண்டி மாறாமல் 6 நிறுத்தம். ஏறிய நிறுத்தத்தை விட்டுவிட்டு எண்ண வேண்டும்.

முத்திரை விஷயத்தில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. பெர்லின் நடைமேடை இயந்திரத்தில் வாங்கும் காகிதச் சீட்டை, ஏறுமுன் பக்கத்திலிருக்கும் சிறு பெட்டியில் நுழைத்து நேரம் பதிக்க வேண்டும். மெட்ரோவில் அந்தப் பெட்டி மஞ்சள், எஸ்-பானில் சிவப்பு, மியூனிக்கில் நீலம். பதிக்காத சீட்டு, காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், செல்லாச் சீட்டுதான். ஒருமுறைதான் குத்த வேண்டும். வண்டி மாறும்போது மறுபடி குத்தினால் நேரம் மேலே மேலே விழுந்து சீட்டு கெடும். ஹாம்பர்க், ஃபிராங்பர்ட் இயந்திரங்களோ நேரத்தை அச்சிட்டே தருகின்றன. அங்கே முத்திரைப் பெட்டியைத் தேட வேண்டாம். ஆனால் நாளைக்கென்று இன்றே வாங்கி வைக்கவும் கூடாது. சீட்டின் மேல் 'பிட்டே என்ட்வேர்டன்' என்று இருந்தால் முத்திரை தேவை என்று பொருள்.

பெர்லின் பஸ்ஸில் முன்கதவு வழியே ஏறி ஓட்டுநரிடம் டிக்கெட்டைக் காட்டுங்கள். அவர் ரொக்கம் வாங்க மாட்டார்.

டாய்ச்லண்ட் டிக்கெட்

ஒரு மாதமோ அதற்கு மேலோ தங்குபவர்கள் மேலே சொன்ன தலைவலி பலவற்றிலிருந்து தப்பலாம். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த இந்த மாதச் சீட்டு, 2025இல் 58 ஆகி, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. நாடு முழுக்க எல்லா ஊர் பஸ், டிராம், மெட்ரோ, எஸ்-பான், ஆர்பி, ஆர்இ என்று தொடங்கும் வட்டார ரயில்களின் இரண்டாம் வகுப்பு என அனைத்திலும் செல்லும். பெரிய நகரங்களில் ஒற்றைப் பயணம் 4 யூரோவை ஒட்டி இருக்கிறது. மாதத்துக்குப் பதினாறு முறை ஏறினாலே காசு தேறிவிடும். வூப்பர்டாலில் 1901 முதல் ஆற்றின் மேல் தொங்கியபடி ஓடும் ரயிலும், ஹாம்பர்க் துறைமுகத்தின் 62ஆம் எண் படகும் இதில் அடக்கம். மியூனிக்கிலிருந்து எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரைகூடப் போகலாம். இவ்வளவு தாராளமான சீட்டு ஐரோப்பாவில் அரிது. கட்டாயம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

செல்லாதவை: ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்கள், தொலைதூரத் தனியார் பஸ்கள். ஒரே நடைமேடையில் இரண்டு வகையும் வந்து நிற்கும் என்பதால் பலகையில் ரயில் எண்ணுக்கு முன்னுள்ள எழுத்தைப் பார்த்தே ஏறுங்கள். ஜெர்மன் ரயில் நிறுவனத்தின் டிபி நாவிகேட்டர் செயலியில் வட்டாரப் போக்குவரத்து மட்டும் என்று வடிகட்டிக்கொண்டால் குழப்பம் இல்லை. சைக்கிளுக்குத் தனி டிக்கெட்.

இது தானாகப் புதுப்பிக்கும் சந்தா. நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். தவறினால் அடுத்த மாதத்துக்கும் பணம் போகும். மாத நடுவில் வாங்கினாலும் முழு மாதக் கட்டணம் எடுக்கும் விற்பனையாளர்கள் உண்டு, ஆகவே 1ஆம் தேதியிலிருந்து தொடங்குவதே லாபம். உங்கள் பெயரில் மட்டுமே செல்லும், நண்பருக்குக் கொடுக்க முடியாது. அடையாள அட்டை கூடவே இருக்கட்டும்.

பரிசோதனை

பரிசோதகர்கள் பெரும்பாலும் சாதாரண உடையில் வருவார்கள். கதவு மூடியபின் அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்பார்கள். அப்போது அவசரமாகச் செயலியில் வாங்கினால் பயனில்லை, வாங்கிய நேரம் அதிலேயே தெரியும். திரைப்பிடிப்பும் (ஸ்கிரீன்ஷாட்) செல்லாது. கைபேசி அணைந்துபோனாலும் டிக்கெட் இல்லாதவர்தான். ஆனால் பெயர் பொறித்த மாதச் சீட்டு வைத்திருப்பவர் குறித்த நாட்களுக்குள் அலுவலகத்தில் காட்டினால் 60 யூரோ சிறு கட்டணமாகக் குறையும், பெர்லினில் 7 யூரோ. ஒற்றைப் பயணச் சீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. அபராதத்தை அங்கேயே ரொக்கமாகக் கட்டத் தேவையில்லை. கொடுக்கும் தாளில் உள்ள கணக்குக்குக் கெடுவுக்குள் அனுப்பலாம். அந்தத் தாளை மேசையில் போட்டு மறக்காதீர்கள். டிக்கெட் இல்லாப் பயணம் ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 265ஏ பிரிவில் குற்றம். திரும்பத் திரும்பப் பிடிபட்டால் வழக்காகும், விசாவில் இருப்பவருக்கு அது பெரிய சிக்கல்.

ஏறுவதும் இறங்குவதும்

நடைமேடைப் பலகை கடைசி நிறுத்தத்தின் பெயரைத்தான் சொல்லும். ஆகவே போகும் இடத்தோடு, அந்தத் தடத்தின் கடைசி ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். பெர்லினைச் சுற்றி வரும் வட்ட ரயிலுக்குக் கடைசி ஊரே இல்லை: எஸ்41 கடிகாரச் சுற்று, எஸ்42 எதிர்ச்சுற்று, முழுச் சுற்றுக்கு ஒரு மணி நேரம். மியூனிக்கின் எஸ்1 நொய்ஃபார்னில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி விமான நிலையத்துக்கு, மறுபாதி ஃப்ரைசிங்குக்கு. பெட்டியின் மேலுள்ள பெயரைப் பார்த்து ஏறாதவர்கள் விமானத்தைத் தவறவிடுவார்கள்.

கதவு பெரும்பாலும் தானே திறக்காது. பொத்தானை அழுத்த வேண்டும், பழைய மெட்ரோ பெட்டிகளில் கைப்பிடியை இழுக்க வேண்டும். பஸ்ஸில் இறங்க முந்தைய நிறுத்தம் தாண்டியதும் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். டிராம் சாலை நடுவே நின்று இறக்கிவிடும் இடங்களில் கார்கள் நடை வேகத்தில்தான் கடக்க வேண்டும், தேவைப்பட்டால் நிற்க வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் இறங்கும்போது வலப்பக்கம் பாருங்கள். இடப்பக்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஆபத்து அங்கேதான், குறிப்பாகச் சைக்கிள்கள்.

தடம் பழுதுபார்க்கும் நாட்களில் ரயிலுக்குப் பதில் எஸ்இவி என்ற மாற்றுப் பஸ் ஓடும். அது நிலைய வாசலில் நிற்காமல் பக்கத்துத் தெருவில் நிற்கலாம். எஸ்இவி பலகையைப் பின்தொடருங்கள், அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

பெர்லின் மெட்ரோ வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ஓடும். மற்ற இரவுகளில் 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் இரவுப் பஸ்கள். யூ7 தடத்துக்கு என்7 என்று எண்ணே வழிகாட்டும்.

கிராமப்புறம் வேறு உலகம். அட்டவணையில் வார நாள், சனி, ஞாயிறு எனத் தனித்தனிப் பகுதிகள் இருக்கும். பள்ளி நாட்களில் மட்டும் ஓடும் பஸ்களுக்குப் பக்கத்தில் சிறு குறி, அதன் விளக்கம் அடியில். விடுமுறையில் அந்தப் பஸ் வரவே வராது. 'ரூஃப்புஸ்' என்று போட்டிருந்தால் முன்கூட்டியே தொலைபேசியிலோ செயலியிலோ பதிவு செய்தால்தான் வரும். எவ்வளவு நேரம் முன்னதாக என்பது அட்டவணையிலேயே இருக்கும். போகும்போதே திரும்பும் வண்டிக்கும் சேர்த்துப் பதிந்துவிடுங்கள்.