வைக்கோலைக் கட்டியாக்கும் பூஞ்சை: தொடக்கநிலையினருக்கான செய்முறை

வைக்கோலையும் காளான் வித்தையும் (தானியத்தில் வளர்த்த காளான் பூஞ்சை) கலந்து அச்சில் அடைத்து வைத்தால், ஏறக்குறைய மூன்று வாரத்தில் பசையே சேராத, எடை குறைந்த ஒரு கட்டி கிடைக்கும். 2014-இல் நியூயார்க்கில் இப்படி வளர்த்த சுமார் 10,000 கற்களைக் கொண்டு ஹை-ஃபை என்ற கோபுரத்தையே எழுப்பினார்கள். நாம் உள்ளங்கை அளவிலான கட்டியில் தொடங்குவோம்.

முதலில், இது ஏன் ஒட்டுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால், எந்தப் படியில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். பூஞ்சைக்கு வாயும் வயிறும் கிடையாது. அதன் உடலே மெல்லிய இழைகள்தான்; இழையின் நுனியிலிருந்து நொதிகளைச் சுரந்து, உணவை வெளியிலேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. உணவைத் தேடி வைக்கோலுக்குள் நுழையும் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இழைகளின் சுவரில் கைட்டின் என்ற உறுதியான பொருள் இருப்பதால் அந்தப் பின்னல் உறுதியாக நிற்கிறது. செரிப்பதும் பிணைப்பதும் ஒரே வளர்ச்சியின் இரு பக்கங்கள்.

இந்த வெளிச்செரிமானத்தின் மேல்தான் நொதித் தொழிலும் நிற்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையிலிருந்து மாவுச்சத்தை உடைக்கும் நொதியைப் பிரித்தெடுக்கும் முறைக்கு ஜப்பானிய வேதியியலாளர் ஜோக்கிச்சி தக்காமினே 1894-இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்தித் துணிகளும் கூடாரங்களும் மக்கிப் போயின. அதற்குக் காரணமான பூஞ்சைகளைத் தேடியபோது அகப்பட்டதுதான் டிரைக்கோடெர்மா ரீசெய். ஆராய்ச்சியாளர் எல்வின் ரீஸின் பெயரைத் தாங்கிய அதன் வழித்தோன்றல்கள், இன்று ஜீன்ஸ் துணியை மென்மையாக்கவும் தாவரக் கழிவைச் சர்க்கரையாக உடைக்கவும் தாவர நாரை உடைக்கும் செல்லுலேஸ் நொதியைத் தருகின்றன. கூடாரத்தைத் தின்ற பூஞ்சையிடமே வேலை வாங்கிய அந்த ஆய்வாளர்கள்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

இனி வேலைக்கு வருவோம்.

படி 1: வைக்கோல்

2 அல்லது 3 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஓர் இரவு ஊறவையுங்கள். பிறகு 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, வடித்து, முழுவதும் ஆறவிடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் விழ வேண்டும். ஒழுகினால் இன்னும் உலரட்டும். ஈரம் மிகுந்தால் காற்று புகாது. பூஞ்சையை முந்திக்கொண்டு பாக்டீரியா பெருகிவிடும்.

படி 2: வித்து

தொடங்குபவர்களுக்குச் சிப்பிக் காளான் வித்தே போதும். வேகமாக வளரும், சிறு தவறுகளையும் தாங்கும். கைகளையும் பாத்திரத்தையும் சானிடைசரால் துடைத்துவிட்டு, ஈர வைக்கோலின் எடையில் பத்தில் ஒரு பங்கு வித்தைக் கலந்து பையில் அடையுங்கள். சிறு துளைகளிட்டு, அவற்றைப் பஞ்சால் அடைத்து, 24 முதல் 27 டிகிரி வெப்பமுள்ள இருட்டான இடத்தில் வையுங்கள்.

பத்து முதல் பதினான்கு நாட்களில் பை முழுவதும் வெள்ளையாகிவிடும். சிப்பிக் காளான், மரத்தை வெளிற மக்கவைக்கும் வெண்மக்கல் வகையைச் சேர்ந்தது. தாவரத்துக்கு விறைப்பு தரும் லிக்னின் என்ற பொருளையும் லாக்கேஸ் போன்ற நொதிகளால் உடைப்பதால், வைக்கோலின் நிறமே மெல்ல வெளிறும்.

பச்சைத் திட்டு தென்பட்டால் பையைத் திறக்காமல் அப்படியே அப்புறப்படுத்துங்கள். பெரும்பாலும் அது டிரைக்கோடெர்மாவாக இருக்கும். மேலே சொன்ன நொதிப் பூஞ்சையின் உறவுதான் இங்கே காளானுக்கு முதல் எதிரி.

படி 3: அச்சு

வெள்ளையான கட்டியைச் சுத்தமான கையால் உதிர்த்து, ஒரு கரண்டி மாவைக் கலந்து அச்சில் அழுத்தி நிரப்புங்கள். உதிர்த்தபோது அறுந்த இழைகள் மீண்டும் வளர்ந்து இணைவதற்கு மாவு உடனடி உணவாகும். மூலைகளை நன்றாக அழுத்துங்கள். கட்டி உடைவது பெரும்பாலும் அங்கேதான். துளையிட்ட தாளால் மூடி, நான்கு முதல் ஆறு நாட்கள் விடுங்கள். பிறகு அச்சிலிருந்து எடுத்து, ஈரக்காற்றுள்ள மூடிய பெட்டியில் மேலும் இரண்டு நாள் வைத்தால் மேற்பரப்பில் மென்தோல் போன்ற படலம் படரும்.

படி 4: நிறுத்துவது

இந்தச் செய்முறையின் சாரமே இந்தப் படிதான் என்பேன். வளர்ச்சி குறைந்தால் பிணைப்பு போதாது. கூடினால் கட்டிக்கு வலுத் தரும் நாரையே பூஞ்சை தின்றுவிடும்; காளான் முளைத்து, காற்றில் மிதக்கும் நுண்ணிய வித்துத்தூளையும் பரப்பும். சிப்பிக் காளானின் வித்துத்தூள் நுரையீரலுக்கு ஆகாதது. எனவே முளைப்பதற்குள் முடித்துவிடுங்கள். கையாளும்போது முகக்கவசம் அணிவதும் நல்லது.

முதலில் மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் உலர்த்துங்கள். பின்னர் 80 முதல் 90 டிகிரி ஓவனில் சில மணி நேரம் வைத்து, இடையிடையே எடை பாருங்கள். எடை குறைவது நின்றால் பூஞ்சை இறந்துவிட்டது, கட்டி தயார் என்று பொருள்.

சூடாக்காமல் காற்றில் மட்டும் உலர்த்தினால் இழைகள் உறங்குநிலையில் இருக்கும். ஈரம் பட்டால் மீண்டும் வளரக்கூடும். உயிருள்ள பொருள்கள் என்ற துறை இந்தப் பண்பை நம்பியே வளர்கிறது. இதை நீங்களே பார்க்கலாம். சூடாக்காத இரண்டு கட்டிகளின் ஈரமான பக்கங்களைச் சேர்த்து வைத்து, பெட்டியில் மூடி, சில நாள் கழித்துப் பிரிக்க முயன்று பாருங்கள்.

சூடாக்கிய கட்டியைப் பெட்டிக்குள் பொருள் அசையாமல் தாங்கும் அடைப்பாகப் பயன்படுத்தலாம். நீரை உறிஞ்சும் என்பதால் ஈரமான இடத்தில் வைக்காதீர்கள். பெரிய சுமையையும் ஏற்றாதீர்கள். தேவை முடிந்ததும் உதிர்த்து மண்ணில் கலந்துவிடலாம்.