பிக் அப்: 'ஹிம்' எங்கே வரும்?

ஹட்டன் ஸ்டேஷனில் வந்திறங்கும் தம்பியை ஆட்டோவில் போய்க் கூட்டி வருவதற்கும், கீழே விழுந்த சாவியை எடுப்பதற்கும், அடிக்கிற போனை எடுப்பதற்கும் ஆங்கிலத்தில் 'பிக் அப்' போதும். பொருள் லேசு. பிழை வருவது சொல் வரிசையில்தான்.

'பிக் அப் தி பார்சல்', 'பிக் தி பார்சல் அப்' இரண்டும் சரி. ஆனால் ஹிம், ஹர், இட், தெம் வந்தால் அதை நடுவில்தான் வைக்க வேண்டும்: 'பிக் ஹிம் அப்'. 'பிக் அப் ஹிம்' என்று சொல்லவே கூடாது. இறந்தகாலத்தில் மாறுவது முதல் சொல் மட்டும்: 'பிக்ட் அப்'. பேசும்போது இரண்டும் ஒட்டி 'பிக்டப்' என்று ஒலிக்கும்.

இன்னொரு பொருள், நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு மிகவும் உதவும். கொழும்புக் கடையில் வேலை செய்துகொண்டே, காதால் கேட்டுச் சிங்களம் பழகியவர், 'ஐ பிக்ட் அப் சிங்ஹலா அட் வர்க்' என்று சொல்லலாம். வகுப்புக்குப் போய் முறையாகப் படித்திருந்தால் 'ஸ்டடீட்' என்பதே பொருத்தம்.

வியாபாரம் சூடுபிடித்தால் 'பிஸினஸ் இஸ் பிக்கிங் அப்'. காற்று பலத்தாலும் 'தி விண்ட் இஸ் பிக்கிங் அப்'. இங்கே பின்னால் எதையும் சேர்க்க வேண்டாம்.

தேயிலைக்கு மட்டும் கவனம். செடியில் கொழுந்து பறிப்பது 'பிளக்'. 'பிக் அப் தி லீவ்ஸ்' என்றால் கூடை சரிந்து தரையில் கொட்டியதைப் பொறுக்குவதாகத்தான் கேட்பவருக்குப் படும்.