சுவரில் மாட்டும் படத்தை எவ்வளவு பெரிதாக அச்சிடலாம்?

படத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன், அது எங்கே மாட்டப்படும், பார்ப்பவர் எவ்வளவு தொலைவில் நிற்பார் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தே ஆக வேண்டும் என்று பலர் சொல்வது, கையில் வைத்துப் புரட்டும் ஆல்பத்துக்குத்தான் பொருந்தும்.

குறையில்லாத கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியுள்ள புள்ளிகள் வரைதான் தனித்தனியாகப் பிரித்தறியும். அதைவிட நெருங்கிய புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். ஆகவே, 3438 என்ற எண்ணை, பார்க்கும் தொலைவின் அங்குலக் கணக்கால் வகுத்தால், ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் போதும் என்பது தெரிந்துவிடும். ஓரடித் தொலைவுக்கு 286, இரண்டடிக்கு 143, ஆறடிக்கு 48. அருகில் போனால் புள்ளி புள்ளியாகச் சிதறும் ஃபிளெக்ஸ் பேனர் முகம், சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து தெளிவாகத் தெரிவது இதனால்தான்.

படத்தின் நீளப் பக்கத்திலுள்ள பிக்சல்களை இந்த எண்ணால் வகுத்தால் அச்சின் நீளம் வரும். 6000×4000 பிக்சல் கொண்ட 24 மெகாபிக்சல் படம், 300 என்ற கணக்கில் 20 அங்குலமும், 150 என்ற கணக்கில் 40 அங்குலமும் போகும். கோப்பின் விவரத்தில் 72 டிபிஐ (அங்குலத்துக்கு 72 புள்ளி) என்று எழுதியிருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். பிக்சல்களின் எண்ணிக்கையே கணக்கு.

வாட்ஸ்அப்பில் சுருங்கி, 1600 பிக்சல் நீளத்தில் வந்து சேர்ந்த தாத்தாவின் படத்தை, வேறு பிரதி இல்லாததால், நாங்கள் 12×18 அளவில் அச்சிட்டோம். அங்குலத்துக்கு 89 பிக்சல்தான். கூடத்தில் அமர்ந்து பார்க்கையில் ஒரு குறையும் தெரியாது. மாலை மாற்ற ஸ்டூலில் ஏறும்போது மட்டும், அவருடைய மூக்குக் கண்ணாடியின் விளிம்பு படிக்கட்டு போலத் தெரியும். மூலப்படம் கிடைக்குமானால், அதை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

கல்யாணக் குழுப்படத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. எவ்வளவு பெரிதாக மாட்டினாலும், வருகிறவர் ஒவ்வொருவரும் தம் முகத்தைத் தேடி ஓரடிக்குள் வந்துவிடுவார். ஓரடிக் கணக்கையே போடுங்கள்.

கணக்கு சரியாக இருந்தாலும், ஃபோகஸ் தவறிய படத்தைப் பிக்சல் காப்பாற்றாது. எனவே 20×30 அச்சுக்குப் பணம் கட்டுமுன், அந்த 6000 பிக்சல் படத்தில் முகம் உள்ள பகுதியை 1200×800 பிக்சலாக வெட்டி, 4×6 தாளில் அச்சிட்டு வாங்குங்கள். பெரிய அச்சில் அந்த முகம் அதே அளவில்தான் வரும். அதைச் சுவரில் ஒட்டி, வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள்.